ஏழு மூடியிலும் ஒரே பாலம்

அண்ணை, இது நடக்குமெண்டு நான் முன்னமே சொன்னனான். "உங்கட ஊர் ஒருநாள் வெளியிலை வரும்" எண்டு, இங்கை கனடாவிலை, நாங்கள் வேலைசெய்த ஒஷாவா பாக்டரியிலை, எல்லாருக்கும் முன்னாலை. இண்டைக்கு உங்கட மகள் மேகன் வேல்ஸிலிருந்து போட்டோ அனுப்பியிருக்கிறாள். மழையில்லாமல் வத்தின ஏரிக்கு நடுவிலை கல்மதிலும் ஒரு பாலமும் நிக்குது. உடனே மேசை லாச்சியைத் திறந்து, நீங்கள் படம் கீறின டோனட் பெட்டி மூடிகளை எடுத்துப் பார்த்தன். பாலம் அதே இடத்திலை.

முதலிலை உங்களை நான் நம்பேல்லை. ரூஜிலை உங்களை வேலைக்குக் காரிலை ஏத்தத் தொடங்கின கிழமையே ஊரைக் கேட்டன். வேல்ஸ் எண்டீங்கள். அப்ப இங்கிலாந்துதானே எண்டன். இல்லவே இல்லையெண்டீங்கள். பிறகு ஆறுதலாச் சொன்னீங்கள்: மூண்டு பக்கம் கடல், கிழக்கை மட்டும் இங்கிலாந்து, வடக்கை மலை, தெற்கை நிலக்கரி, பெரிய கோட்டையளிலை கனக்க உங்களை அடக்க இங்கிலாந்து ராசா கட்டினது. பள்ளிக்கூடத்திலை தாய்மொழி பேசின பிள்ளையின்ர கழுத்திலை பலகை தொங்கவிட்ட காலமும் இருந்ததாம். கடைசியிலை, ஓர் ஆங்கில நகரத்துக்குத் தண்ணி வேணுமெண்டு அணை கட்டி உங்கட கிராமத்தையே தண்ணிக்குள்ளை தாட்டவை எண்டீங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னன். பிரிட்டிஷ் எண்டு கிடந்தது. சந்தேகம் இன்னும் கூடிச்சுது. கதை அளக்கிறவனுக்குத்தானே கதை அளக்கிறவனைத் தெரியும்.

அதுதான் சோதிச்சன். இடைக்கிடை தேத்தண்ணி நேரத்திலை, "அண்ணை, ஊரைக் கீறுங்கோ பாப்பம்." தேவாலயம், தபால் கந்தோர், பாலம், உங்கட வீடு. ஏழு தரம் கீறினீங்கள். பொய்யெண்டால் ஒருக்காவெண்டாலும் பாலம் இடம் மாறியிருக்கும். என்ர யாழ்ப்பாணத்து வீட்டுக்குச் சொல்லச் சொல்ல மாடி கூடினது உங்களுக்கே தெரியும். "இண்டைக்கு எத்தினை மாடி?" எண்டு கேட்டுச் சிரிப்பீங்கள்.

ஏழாவது மூடியைத் தரேக்கை, "என்ர அறைக்குள்ளை இப்ப மீன் ஓடும்" எண்டீங்கள். அதுக்குப் பிறகு நான் கேக்கேல்லை.

ஆஸ்பத்திரியிலை உங்கட கடைசி நேரம் பக்கத்திலை இருந்தது நான்தான். மேகன் வந்துசேர முந்தி எல்லாம் முடிஞ்சுது. பிறகு அவள் சாம்பல் பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு என்ர வீட்டிலை வந்திருந்தாள். இங்கை ஏரியிலை கரைக்கிறதோ, ஊருக்குக் கொண்டுபோறதோ எண்டு அவளுக்கு முடிவில்லை.

"அங்கிள், அப்பா ஏதும் சொன்னவரோ?"

"ஓம். ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னவர். பாலத்தடியிலை விடச் சொன்னவர்."

அவள் என்னைக் கனநேரம் பார்த்தாள். என்ர மனுசி அதைவிடக் கனநேரம் பார்த்தாள்.

இண்டைக்குப் போட்டோவுக்குக் கீழை மேகன் எழுதியிருக்கிறாள்: "அப்பா கேட்டபடி, சாம்பலைப் பாலத்தடியிலை விட்டிட்டன்." மனுசி திரும்பவும் கேக்கிறாள், உண்மையிலை சொன்னவரோ எண்டு. ஓம் எண்டிட்டு வந்துதான் இதை எழுதுறன்.

உங்களுக்கு மட்டும் சொல்லுறன், அண்ணை. நீங்கள் அப்பிடியொண்டும் சொல்லேல்லை. குளிருது, யன்னலைப் பூட்டு எண்டீங்கள். பூட்டினன். திரும்பேக்கை கண் மூடியிருந்தது. மிச்சத்தை நான்தான் சொன்னன், அந்த ஏழு மூடியையும் நம்பி.