சிம்பிளா ஒரு புடவை

இன்று காலை கடைக்கு வந்த ஒரு பெண், பாயில் உட்காருவதற்கு முன்பே, "அக்கா, சிம்பிளா ஒரு பட்டு காட்டுங்க" என்றாள். என் தலை தானாக நீ உட்காரும் மூலைக்குத் திரும்பிவிட்டது. அங்கே இப்போது மின்விசிறியை வைத்திருக்கிறேன். நீ இல்லாமல் வருகிற முதல் தை முகூர்த்தம் இது.

தொண்ணூறுகளில் உன் வீட்டு முன்னறையில் நாம் இருவரும் புடவை விற்கத் தொடங்கியபோது, தினமும் காதில் விழுந்த இங்கிலீஷ் வார்த்தை இதுதான். பக்கத்து ஊர் முள்ளிப்பட்டுக்காரரும் சொல்வார், சென்னையிலிருந்து காரில் வந்து இறங்குபவரும் சொல்வார். நானும் சின்னக் கரை, கொஞ்சம் ஜரிகை என்று எடுத்துப் போடுவேன். ஒன்றும் விற்காது. உனக்குச் சிரிப்புத் தாங்காது.

"கார்ல வந்த அம்மா சிம்பிள்னா, நல்ல விலையா இருக்கணும், பளபளன்னு மட்டும் இருக்கக் கூடாது. இப்ப வந்துச்சே மாமியார், அதுக்கு மருமவளுக்கு இது போதும்னு நெனப்பு. பொண்ணோட அப்பா கேட்டா, வேற வழியில்லன்னு அர்த்தம். வாயைக் கேக்காதடி, கையைப் பாரு."

நானும் பார்க்க ஆரம்பித்தேன். எத்தனை புடவை விரித்தாலும், வந்தவரின் வாய் வேறெதையோ பேசிக்கொண்டிருக்க, கை மட்டும் ஒன்றைத் தடவத் திரும்பிப் போகும். மற்றதையெல்லாம் மடிப்பாய், அந்த ஒன்றை விரித்தபடியே விட்டுவிடுவாய்.

நாம் இருவருமே சின்ன வயதில் கணவனைப் பறிகொடுத்தவர்கள். போளூரில் உரக்கடை வைத்திருந்தவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு, நானும் சம்மதித்தபோது, ஊர் என்ன பேசுமோ என்று எனக்குப் பயம். "கோயில்ல மாலை மாத்திக்கப் போறோம், அவ்ளோதான். சிம்பிளா ஒன்னு எடு" என்றேன். நீ சாண் அகலக் கரை போட்ட அரக்குச் சிவப்பை என் தோளில் போட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாய்.

"வேணாம்டி. ரெண்டாங் கல்யாணத்துக்கு இன்னா ஆடம்பரம்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். நீ பயந்துகினு கேக்கற. பயத்துக்கெல்லாம் நம்ம கடையில புடவ இல்ல. ஜல்தியா கட்டிகினு வா, மடிப்பு நான் எடுத்து வுடறேன்."

அன்று தலை நிமிர்ந்து மாலை போட்டுக்கொண்டேன். அந்தப் புடவை இல்லாவிட்டால் கோயில் வாசலிலேயே திரும்பியிருப்பேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் போளூர் பஸ்ஸில் கடைக்கு வந்துபோனேன். நீ உனக்கென்று ஒரு பட்டுகூட எடுத்ததில்லை. எப்போதும் வெளிர் நிறத்தில் ஒரு நூல் புடவைதான். ஆனால் அலமாரி மேல்தட்டில், கிளிப்பச்சையில் கடுகு நிறக் கரை போட்ட பட்டு ஒன்று இருந்தது. வருபவர்களுக்கு அதை விரிக்க மாட்டாய். கடையை அடைக்கும் முன் தினமும் அதை இறக்கி, ஒருமுறை தடவிவிட்டு, திரும்ப வைப்பாய். கேட்டால், "அது விலை போவாதுடி, கெடக்கட்டும்" என்பாய். எனக்குப் புரியாமல் இல்லை. கட்டிக்கோ என்று எத்தனையோ முறை சொன்னேன். பேச்சை மாற்றிவிடுவாய்.

நீ போன அன்று உன் கொழுந்தனார், "சிம்பிளா ஒரு வெள்ளப் புடவ எடுத்தாந்து போத்துங்க, எரிக்கத்தான போறோம்" என்றார். கடைச் சாவி என் இடுப்பில் இருந்தது. போய்ப் பச்சைப் புடவையை எடுத்துவந்து பிரித்தேன்.

"இன்னாம்மா இது, புருஷன் இல்லாதவளுக்கு?" என்றார்.

"அவ கேட்டதுங்க இது" என்றேன்.

நீ ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. அவர் விலகி வழிவிட்டார். உன்னைப் போர்த்தி, கரை உன் கைமேல் வரும்படி இழுத்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்று வந்த பெண்ணுக்கு ஒவ்வொன்றாக விரித்தேன். சிம்பிள் சிம்பிள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கை மட்டும் மாம்பழ நிறத்துப் பெரிய கரைக்குத் திரும்பத் திரும்பப் போயிற்று. மற்றதையெல்லாம் மடித்துவிட்டு, அதை அப்படியே விட்டிருக்கிறேன்.