கல்யாண எழுத்தில் ஒரு நோட்டீஸ்

14 ஜூன் 1997, சனிக்கிழமை. ஒக்கலிபுரம்.

எங்கள் வீட்டு ஓனர் இன்று காலை நான் வேலை பார்க்கும் டிடிபி கடைக்கு வந்தார். எங்கள் வரிசையில் குடியிருக்கும் ஆறு வீட்டுக்காரர்களும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமென்று ஆங்கிலத்தில் எழுதிய தாளை என்னிடமே நீட்டினார். நாலாவது வீடு எங்களுடையது. இந்த மனுஷனுக்கு ஊரில் வேறு கடையே கிடைக்கவில்லையா?

சாதாரண எழுத்தில் அடித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு? என் பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்கு வளைச்சு வளைச்சு ஒரு ஃபான்ட் போட்டியே, அதுல போடு. மரியாதையா இருக்கணும்."

மரியாதையாம்! கொடி மாதிரி சுருண்டு ஓடும் அந்த எழுத்தை மணப்பெண் பேருக்குத்தான் நான் எடுப்பேன். கடை முதலாளி பக்கத்திலேயே நின்றதால் வாயை மூடிக்கொண்டு அடித்தேன். அந்த ஓனர் பாவி, க்ரீம் கலர் அட்டையில் வேறு பிரின்ட் கேட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அந்த அட்டை சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

"மஞ்சள்கூட வைக்காம குடுத்துட்டுப் போறான் ஓனர் வீட்டு ஆளு. நானே தடவி வச்சேன். யாருக்குடி கல்யாணம்?"

நான் முகம் கழுவப் போய்விட்டேன். இதை எழுதும்போதும் அம்மா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு எந்தப் புடவை கட்டலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.