அப்பா உன்னைச் சாகடித்து ஆரஞ்சு விற்கிறார்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் இரண்டு பன்றிகளும் நலம். அங்கே நீயும் உயிரோடு நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே நீ போன வியாழக்கிழமை செத்துப்போய்விட்டாய். பதறாதே, சாகடித்தது அப்பாதான்.

ஊரில் பாதிப் பேர் போனைக் குச்சியில் மாட்டி நேரலையில் ஆரஞ்சு விற்கிறார்கள், அப்பாவும் தொடங்கினார். பார்த்தது மூன்று பேர், சித்தப்பா, நான், வழிதவறி வந்த ஒருவர். எதிர்வீட்டு டெங் மாமா, பழம் போணியாகவில்லை என்று நேரலையில் மரத்தடியில் உட்கார்ந்து அழுதார், மறுநாளே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. உன் தொழிற்சாலை அடையாள அட்டையில் இருக்கும் படத்தை, அதுதான், நீ தும்மப் போகிற மாதிரி இருப்பாயே, அதைப் பெரிதாக்கிக் கறுப்புத் துணி சுற்றி, முன்னால் ஊதுபத்தி கொளுத்தி, பக்கத்தில் ஆரஞ்சைக் குவித்துவிட்டார். தாயில்லாப் பிள்ளையை வளர்க்கிறேன் என்று தழுதழுத்ததும் வீட்டிலிருந்த பெட்டியெல்லாம் காலி. இதென்ன அநியாயம் என்று கேட்டால், உங்கம்மா அங்க நல்லாத்தானடி இருக்கா, இங்க கொஞ்சம் செத்தா என்ன குறைஞ்சு போச்சு என்கிறார். உசுரோட இருக்கிறவளுக்கு ஊதுபத்தியா, நீ உருப்படுவியாடா என்று அத்தை விளக்குமாறோடு வந்தாள். பழம் கட்டும் வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டார். இப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து உனக்காக அவளும் மூக்கைச் சிந்துகிறாள், உன்னோடு போட்ட சண்டையெல்லாம் மறந்துபோச்சு போல.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன், ஆனால் இனிமேல் சொல்வது சிரிப்பில்லை அம்மா. வருகிற ஞாயிறு நான் தலையில் துக்கத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியைக் கட்டி, அம்மா என்னை விட்டுட்டுப் போயிட்டியே என்று கதற வேண்டுமாம். அப்பா சொன்னால் அது வியாபாரம். பெற்ற பிள்ளை வாயால் சொன்னால் பலித்துவிடாதா? போன மாதம் இயந்திரத்தில் உன் கை மாட்டியதை அவர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. முடியாது என்றேன். அப்ப ஸ்கூலை விட்டுட்டு உங்கம்மா பக்கத்துல உக்காந்து ஷூவுக்குப் பசை தடவு போ என்றார். விளையாட்டுக்குச் சொன்ன முகமில்லை. போன் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது, அதனால்தான் போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறேன். காலைப் பேருந்தில் உன் ஊருக்கு வரும் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புவேன், அவர் பிரித்துப் படித்திருந்தால் நன்றாகத் திட்டு.

வேளைக்குச் சாப்பிடு. கையுறை இல்லாமல் இயந்திரத்தைத் தொடாதே. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஞாயிறு உனக்கு ஓவர்டைம் கிடையாதே, மாலை ஏழு மணிக்கு "தாயில்லாத் தோட்டம்" என்று தேடி அப்பாவின் நேரலைக்கு வா. வந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுது: செத்தவள் நான்தான், எனக்கு இரண்டு பெட்டி அனுப்பு, அழுகல் இல்லாமல் பார்த்துக் கட்டு. அதைப் படிக்கும்போது அப்பா முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதற்கப்புறம் அடி விழுந்தாலும் பரவாயில்லை. உன் எழுத்து திரையில் வரும்வரை என்ன மிரட்டினாலும் வாயைத் திறக்கமாட்டேன்.

நீ நூறு வயது இருந்து எங்கள் எல்லோரையும் திட்ட வேண்டும். படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
தாயுள்ள மகள்
மிங்ஷூ