கேள்விக்கு முன்பே விடை

மார்ச் 4

நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் இபிசோ அக்கா "சி" என்கிறாள். இன்றுதான் கவனித்தேன். ஏ, பி, சி, டி என்று நாலு விடை போட்டிருக்கும் பழைய கேள்வித்தாள் என் கையில், சுட்ட வாழைக்காய் அவள் கையில்.

"செல்லுக்கு ஆற்றல் தருவது—"

"சி."

"சி-ன்னா என்னக்கா?"

"சி-ன்னா சி. மார்க் வரும்ல? ஏழாங்கிளாஸோட நின்னவ நீ. வாசி, போதும்."

என் முதுகில் துணியால் கட்டியிருந்த அவள் குட்டித் தம்பி சொய்பி சிணுங்கினான்.

எங்கள் தீவிலிருந்து போர்ட் ஹார்கோர்ட் நகரத்துக்கு என்னைக் கூட்டி வந்தபோது பெரியம்மா, இபிசோ அக்காவின் அம்மா, சொன்னது: "இபிசோ காலேஜ்ல முதல் வருஷ உயிரியல் தேறட்டும். அதுவரைக்கும் சின்னவன நீ பாரு. அப்புறம் உனக்கு மாலைப் பள்ளி."

அவள் தேறணும். எனக்காக.

மார்ச் 9

விடைகளை இடம் மாற்றிப் படித்தேன். அப்போதும் அதே பழைய எழுத்துகளையே சொன்னாள். எனக்கும் சரியான விடை தெரியாது, ஆனால் அவளுக்கும் தெரியாது என்று தெரிந்துவிட்டது.

"இந்தத் தடவை கம்ப்யூட்டர்ல தேர்வாம்க்கா. விடைங்க ஆளுக்கு ஒரு வரிசையில வருமாம். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு."

"அப்ப அந்த அண்ணனையே போய் எழுதச் சொல்லு."

மார்ச் 20

சிரித்துக்கொண்டே தேர்வுக்குப் போனாள். திரும்பியதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 11

இபிசோ அக்கா உயிரியலில் தேறவில்லை. 'கேரி ஓவர்' என்கிறார்கள். அடுத்த வருடம் புதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து திரும்ப எழுத வேண்டும்.

பெரியம்மா அவளை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. என்னிடம் வந்து, "பாவம்டி அவ. இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோ, டமி."

யாரு பாவம்? படிக்காதது அவ, பொறுக்கிறது நானா? பானையைக் கழுவுற சாக்குல டமார்னு போட்டேன். வாயைத் திறந்து கேட்டிருக்கணும். கேட்கல. சீ!

ஏப்ரல் 14

மத்தியானம் இபிசோ அக்கா அதே கேள்வித்தாள்களைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"முதல்லேர்ந்து ஆரம்பி. எது சி, எது டி-ன்னு மறந்துபோச்சு."

முதுகுத் துணியை அவிழ்த்தேன். சொய்பியை அவள் முதுகில் வைத்துக் கட்டினேன். முடிச்சை நன்றாக இறுக்கினேன்.

"ஏய், எங்க போற?"

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மாலைப் பள்ளி வாசலில், சேர்க்கைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் பெயர் கேட்டார். 'டமி' என்று உரக்கச் சொன்னேன்.