அந்தோனிமுத்து வைத்த வெடி

பதுளை
13.3.1979, செவ்வாய்

அன்புள்ள தம்பி பாக்கியநாதனுக்கு,

நான் நலம். லுசாகாவில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுமென்பதே என் விருப்பம்.

துவக்கும் குண்டும் வைத்திருப்பவருக்குப் பயம் குறைகிறதா, அல்லது அந்தப் பயம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடுகிறதா? எனக்குத் தெரியவில்லை. தனியாக இருக்கும் அக்கா ஒரு துவக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நீ எழுதியதிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் நடந்ததை மறந்துவிட்டு நான் பேசுவதாக எண்ணாதே. அரசாங்கக் கச்சேரிக்குப் போய்ப் படிவம் வாங்கினேன். தேவைக்கான காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்கிறது. காவல் காக்க நிலம் இல்லை, விரட்டப் பன்றி இல்லை. மனிதர்களுக்காக என்று எப்படி எழுதுவது? படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

வேடிக்கை என்னவென்றால், ஊரும் இப்போது இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஹாலிஎலப் பக்கத்தில் இந்த வருஷம் மூன்று துவக்குகள் களவு போயின. சட்டத்தைக் கடுமையாக்கக் கேட்டு மனு அனுப்புவதென்று சனிக்கிழமை எங்கள் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். குறிப்பெடுக்கும் வேலை வழக்கம்போல எனக்கு. சொந்த நிலம் இல்லாதவருக்கு லைசன் கொடுக்கக் கூடாது. குண்டு போட்ட துவக்கோடு றோட்டில் நடக்கக் கூடாது. லைசன் இல்லாமல் சுட்டவருக்குப் பிணையே கூடாது. இவைதான் கோரிக்கைகள். நான் கவனித்தது ஒன்று. வீட்டில் துவக்கு உள்ளவர்களே மிகக் கடுமையான சட்டம் கேட்டார்கள். சொந்த நிலம் என்ற ஒரு சொல்லில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருக்கும் அத்தனை பேரும் வெளியே போய்விடுகிறார்கள் என்பது ஒருவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. நான் குறிப்பெடுக்க வந்தவள். அந்தச் சொல்லையும் எழுதிக்கொண்டேன்.

புடைவைக்கடை மொஹிதீன் முதலாளியை உனக்கு நினைவிருக்கும். ஹாலிஎலவில் உள்ள தோடம்பழத் தோட்டத்துக்காக அவருக்கு லைசன் உண்டு. பன்றி விழுந்தால் தூக்கிப்போக லயத்து ஆட்கள் வருவார்கள். அவர் எழுந்து, "நான் தின்னாத ஒண்டுக்காக வருஷா வருஷம் கச்சேரி வாசல்ல நிக்கிறன். கறி ஆக்குறவங்க ஒருத்தரும் வந்து நிக்கிறல்ல" என்றார். மண்டபமே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின் வரிசையில் றோசாலி எழுந்தாள். தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். நான் போகும் கோயிலுக்குத்தான் வருவாள். அவள் புருஷன் அந்தோனிமுத்து அன்றைக்கு ஆறு நாட்களாக மறியல் சிறையில் இருந்தான். பொழுது சாயும் நேரத்தில் துரை பங்களா வரைக்கும் ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. பொலிஸ் வந்து லயத்தைச் சோதித்தது. துவக்கு எதுவும் அகப்படவில்லை. சத்தம் என்னவென்று கேட்டபோது அவனே முன்னால் வந்து, தான்தான் வெடி வைத்ததாகச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், துவக்கை எங்கே ஒளித்தாய் என்று கேட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

றோசாலி கேட்டது இதுதான்: "ஏங்க, வெடி வச்சா துப்பாக்கியா? மாதா திருநாளுக்கு நம்ம சாமியாரும் வெடி வைக்கிறாரு. அவரு லைசன் எடுத்தாருங்களா?"

மறுபடியும் சிரித்தார்கள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். தோட்டத்தில் வெடி வைப்பதென்றால் திரி கொளுத்தி எறிவது. சிங்களத்தில் 'வெடி தியனவா' என்றால் சுடுவது. டவுனில் நாமும் வெடி வைத்தான் என்றால் சுட்டான் என்றுதானே எடுத்துக்கொள்வோம்? அவன் சொன்னதை, வாக்குமூலம் எடுத்த கொன்ஸ்தாபிள் ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறார். பொய் சொன்னவர் யாருமில்லை. ஆனாலும் ஒரு மனிதன் உள்ளே இருக்கிறான். கூட்டம் கலைந்தபின் மொஹிதீன் என்னிடம் வந்து, தானும் துவக்கென்றே நினைத்திருந்ததாகக் கூச்சத்தோடு சொன்னார். மனுவில் மட்டும் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், பிணை கூடாது என்ற வரி உட்பட.

மரவள்ளிக்குள் பன்றி இறங்கியது, அதை விரட்டச் சணல் சுற்றிய வெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார், வேறொன்றும் இல்லை என்கிறாள் றோசாலி. நம்புகிறேன். ஆனால் நான் பார்க்கவில்லை என்பதும் உண்மை. நாளைக்கு வழக்கு. நீதவானுக்கு இந்தச் சொல்லை விளக்க நான் வர வேண்டுமென்று அவர்களுக்காக வாதாடும் புறக்டர் கேட்டிருக்கிறார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த படிப்பு ஒரு சொல்லுக்காவது உதவுமா, பார்ப்போம்.

நீ அங்கே துவக்கு வாங்கியிருப்பதாக உன் சின்னவன் தன் கடிதத்தில் படம் வரைந்திருந்தான். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், தம்பி. கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக.

உன் அக்கா,
நேசராணி

14ஆம் திகதி, மாலை

தபாலில் சேர்க்குமுன் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

என்னைக் கூப்பிடவே இல்லை. நீதவான் நேராக அந்தோனிமுத்துவிடமே, வெடி வைத்தாயா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். பத்து நாள் மறியலில் அவன் கற்றுக்கொண்டது அந்தச் சொல் ஆபத்தானது என்பதை மட்டுமே போலும். "வெடியே வைக்கலைங்க" என்றான். அப்படியானால் சத்தம் என்ன? "தெரியாதுங்க." புறக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

எங்களுக்குப் பின்னாலிருந்து றோசாலி எழுந்தாள். "வச்சாருங்க. பீடி நெருப்பு நான்தாங்க குடுத்தேன். இன்னும் ரெண்டு வெடி எறவானத்துல இருக்கு."

கொன்ஸ்தாபிள் அவளை உட்கார வைக்கப் பார்த்தார். நீதவான் கையைக் காட்டி முன்னால் வரச் சொன்னார். எப்படி வைத்தார் என்று செய்து காட்டச் சொன்னார். அவள் கொளுத்தினாள், எறிந்தாள், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நீதவான் சிரிக்கவில்லை. துவக்குப் பிடித்திருப்பவர் எந்தக் கையால் காதைப் பொத்துவார் என்று மட்டும் பொலிஸாரிடம் கேட்டார்.

பிணை கொடுத்தார்கள். மொஹிதீன் வந்து கையெழுத்திட்டார். மீதி இரண்டு வெடிகளையும் கொண்டுவர வேண்டும். வழக்கு சித்திரைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. றோசாலியின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள், சாட்சியாகவா வேறெதற்காகவா என்று புறக்டருக்கே நிச்சயமில்லை.

மூன்றேகால் பஸ்ஸுக்கு மூவரும் காத்திருந்தோம். பசிக்கிறதா என்று அந்தோனிமுத்துவைக் கேட்டேன். அவன் றோசாலியைப் பார்த்தான். பசிக்குது என்று அவள் சொன்னாள். பஸ் வரும்வரை நான் கேட்டவற்றுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.