இதுல விண்டோஸ் இல்லைங்க

மச்சான்,

இன்று காலை ஒரு புது லேப்டாப் பெட்டியைப் பிரித்தேன். பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் அந்தப் புது வாசனை குப்பென்று வந்தது. நீ இருந்தால் மூஞ்சியைக் கிட்டே கொண்டுபோய், பிரியாணி அண்டாவைத் திறந்தவன் மாதிரி மோந்து பார்த்திருப்பாய். "கஸ்டமர் பாக்கறாங்கடா, தள்ளு" என்று நான் திட்டியிருப்பேன். திட்ட ஆள் இல்லாமல் அட்டைப்பெட்டியை மடித்து வைத்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் பழகவில்லை.

எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. மத்தியானம் கடையில் ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு மேல் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடை போட்ட புதிதில், விண்டோஸ் இல்லாமல், அதற்குப் பதில் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்ட லேப்டாப்தான் விற்க வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். "விலை கம்மி, வைரஸ் பயமும் கம்மி. நெட் பாக்க, லெட்டர் அடிக்க, பசங்க கிளாஸ் பாக்க இது போதும்டா. ஜனங்க எதுக்கு மேல தண்டம் அழணும்?" என்றாய். "லினக்ஸ்னா எவனுக்குடா தெரியும்? சோப்புப் பேருன்னு நெனப்பாங்க" என்றேன். சிரித்தாயே தவிர அசையவில்லை.

வாங்க வருகிறவரை நீ சுலபத்தில் விடமாட்டாய். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பாய். "உங்க வேலைய நீங்களே இதுல செஞ்சு பாருங்க. சரிப்பட்டு வரலன்னா எழுந்து போய்டுங்க" என்பாய். ஊரப்பாக்கத்துக்கு டிரெயின் பிடிக்க அவசரமாகக் கிளம்பிய ஒரு அம்மா, மகளுடைய காலேஜ் விண்ணப்பத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்தே நிரப்பி அனுப்பிவிட்டு, இரண்டு டிரெயினைக் கோட்டை விட்டார். போகும்போது லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

எனக்கோ பொறுமை கிடையாது. அரை மணி நேரத்தில் மூன்று பேருக்கு விற்கலாமே என்று வயிறு எரியும். அந்த எரிச்சலில்தான் அந்த வேலையைச் செய்தேன்.

நீ வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். திருமுடிவாக்கத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். ஒரு லேப்டாப்பில் திரையின் தோற்றத்தை நான் முன்பே மாற்றி வைத்திருந்தேன். அதே மாதிரி பட்டன், அதே நீலப் படம், அதே ஐகான்கள். லினக்ஸுக்கு விண்டோஸ் வேஷம். "விண்டோஸ்தானே சார்?" என்று கேட்டார். "அந்த மாதிரிதான் சார்" என்றேன். பத்தே நிமிஷத்தில் பில் போட்டு அனுப்பிவிட்டேன். நீ வந்ததும் "பாத்தியா, நாற்காலியே இல்லாம ஒண்ணு போச்சு" என்று பீற்றிக்கொண்டேன். வேஷத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

நாலாம் நாள் அவர் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய டிராயிங் சாஃப்ட்வேர் அதில் ஏறவே இல்லை. வேலை கொடுக்க வந்தவர் எதிரிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். வந்தவர் எழுந்து போய்விட்டார், ஆர்டரும் போய்விட்டது.

"இன்னா சார் இது? மேல ஒண்ணு கீது, உள்ள ஒண்ணு கீது. பார்ட்டி முன்னாடி பேந்தப் பேந்த முழிச்சிக்கினு நிக்கறேன்" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

நீ என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "விண்டோஸான்னு கேட்டாரா, கேக்கலையா?"

"கேட்டாரு."

முழுப் பணத்தையும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாய். "உங்க வேலைக்கு எங்க மெஷின் ஒத்து வராது சார்" என்று சொல்லி, எதிர்ச்சாரிக் கடைக்கு நீயே அவரைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாய். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். நீ என்னை உட்காரச் சொன்னாய். "லினக்ஸ் நல்ல பொருள்டா. அதுக்கு எதுக்கு வேஷம் கட்டற? வேஷம் கட்டினா அது மட்டமான விண்டோஸ். அப்படியே குடுத்தா நல்ல லினக்ஸ்" என்றாய். அதற்கப்புறம் இரண்டு நாள் நான் வாங்கி வைத்த டீயை நீ தொடவில்லை.

அன்றிலிருந்து விலை சொல்வதற்கு முன்னால், "இதுல விண்டோஸ் இல்லைங்க" என்று சொல்லியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. பாதிப் பேர் அந்த இடத்திலேயே திரும்பிப் போவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். "போறவங்க போகட்டும். தூக்கிக்கிட்டுத் திரும்பி வராம இருந்தா போதும்" என்பாய்.

இப்போது இன்றைக்கு வருகிறேன். உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து கடை மந்தம்தான். உன் பங்கை நம்பித்தான் உன் வீடு நடக்கிறது. என் வீடும் இதை விட்டால் வேறு கதியில்லை. இந்த நிலையில், ஊரப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் திறக்கப் போகிற ஒருவர் மத்தியானம் வந்தார். இருபது லேப்டாப் வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் செய்து பார்த்தார். பிடித்துவிட்டது. எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

"ஒரே ஒரு விஷயம் சார்" என்றார். "பாக்கறதுக்கு விண்டோஸ் மாதிரி மாத்திக் குடுத்துடுங்க. பேரண்ட்ஸ் வந்து எட்டிப் பாப்பாங்க. போர்டுல விண்டோஸ் கிளாஸ்னுதான் போட்டிருக்கேன்."

ஐந்து நிமிஷ வேலை. என் கைக்கு அது மறக்கவில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? நீதான் இல்லையே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மவுஸில் கையும் வைத்துவிட்டேன்.

அப்புறம் கையை எடுத்தேன். "அது மட்டும் முடியாது சார். போர்ட மாத்துங்க, லினக்ஸ் கிளாஸ்னே எழுதுங்க. பேரண்ட்ஸ்கிட்ட நானே வந்து பேசறேன்" என்றேன்.

"அதெல்லாம் பேஜார் சார். அடுத்த கடையில பண்ணித் தருவாங்க."

"தருவாங்க சார். நான் தரமாட்டேன்."

அவர் போய்விட்டார். பெருமையாக இருந்தது என்று நினைக்காதே. உன் மேல் அப்படியொரு கோபம் வந்தது. செத்தும் என்னை விடமாட்டாயா என்று வாய்விட்டே திட்டினேன். பிறகு உன் மனைவிக்குப் போன் செய்தேன். பாதிக் கடை அவளுடையது, மறைக்க எனக்கு உரிமை இல்லை. திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அண்ணா, அவர் இருந்தா வேணாம்னு சொல்லியிருப்பார்னு சொன்னீங்களா, இல்ல நீங்களே சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். கையை எடுத்த நேரத்தில் உன் முகம் என் ஞாபகத்திலேயே இல்லை. அந்தப் பட்டறைக்காரர்தான் துணிப்பையோடு நின்றார்.

"நானேதாம்மா சொன்னேன்."

"அப்ப சரி. நாளைலேர்ந்து நானும் கடைக்கு வரேன். எனக்குக் கத்துக்குடுங்க."

எட்டு மாதமாகக் கடைப் பக்கமே வராதவள், மச்சான். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இத்தனை நாள் உன் பிடிவாதத்தை நான் காவல் காப்பதாக நினைத்திருந்தேன். அது எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி நீ வந்து கேட்டாலும் திருப்பித் தருவதாக இல்லை.

ஊரப்பாக்கத்துக்காரர் போனால் போகட்டும். ஒரே ஆளிடம் போக இருந்த இருபதையும் இருபது பேரை உட்கார வைத்து ஒவ்வொன்றாக விற்கிறோம், நானும் உன் மனைவியும். எத்தனை மாதம் ஆனாலும் சரி.