குயில் கடிகாரத்தில் என்ன பழுது

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமென்று வைத்துக்கொள்கிறேன். நீயாக எழுதித் தெரிவிக்கும் வழக்கம் உனக்கு இல்லை. போன முறை வந்தவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். காரணம் சொல்லவில்லை. நானும் துருவவில்லை.

கூடத்துக் குயில் கடிகாரம் இன்னும் ஊமையாகத்தான் இருக்கிறது. மணிக்கு மணி கதவு திறக்கிறது, குயில் எட்டிப் பார்த்துக் குனிகிறது, குரல் மட்டும் இல்லை. உள்ளே இரண்டு சின்னத் துருத்திகள் உண்டு. ஒன்று 'கு' என்னும், மற்றது 'கூ' என்னும். அவற்றின் காகித மடிப்பு கிழிந்தால் காற்று நிற்காது. கிழிசலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் ஒலியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் ஒரு மரக்குயிலிடம் தோற்பதாக இல்லை.

அம்மா


மார்ச் 11

அன்புள்ள அம்மா,

காரணம் சொல்லவில்லையா? அன்று நீ ஸ்டூலில் ஏறி, கடிகாரத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நின்றாய். உன் முதுகைப் பார்த்துத்தான் எனக்குச் சொல்லத் தைரியம் வந்தது. "அம்மா, நானும் அவரும் பிரியறதா முடிவு பண்ணிட்டோம்" என்றேன். நீ திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஸ்க்ரூடிரைவரை எடு" என்றாய். எடுத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் சாப்பாடு எப்படி இறங்கும்?

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஃபோனிலாவது கேட்பாய் என்று பார்த்தேன். நீ எடுப்பதே இல்லை. இப்போது ஒரு கடிதம் வருகிறது, அதிலும் குயில்.

உன் மகள்


மார்ச் 18

அன்புள்ள மகளுக்கு,

இவ்வளவு பெரிய செய்தியை என்னிடம் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருப்பாய். அதையே சொன்னதாக எடுத்துக்கொண்டாய். என் காதில் விழாத ஒன்று என் கூடத்தில் பேசப்படவில்லை என்றுதான் பொருள். ஃபோனில் இப்போதெல்லாம் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். முழு வாக்கியமாகப் பேசத் தெரியாதவர்களுக்காக நான் ஏன் ஓடிப்போய் எடுக்க வேண்டும்? நீ எடுத்த முடிவைப் பற்றி, முறையாக என்னிடம் சொன்ன பிறகு பதில் சொல்கிறேன்.

துருத்தி இரண்டுக்கும் புதுக் காகிதம் ஒட்டி, பசை காய்ந்தபின் மாட்டினேன். அவற்றைத் தூக்கிவிடும் கம்பிகளை நிமிர்த்தினேன். கடிகாரம் சாய்ந்திருக்குமோ என்று மட்டமும் பார்த்தாயிற்று. குயில் ஊமைதான். டிக் டிக் ஓசையும் வரவரத் தேய்ந்துகொண்டே போகிறது.

அம்மா


மார்ச் 24

அம்மா,

ஒன்று நான் பொய் சொல்கிறேன், இல்லையென்றால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அப்படித்தானே? விடையை அடித்துவிட்டு மறுபடி முறையாக எழுதித் தர நான் உன் வகுப்பு மாணவி இல்லை. 'அன்றைக்கு நீ சொன்னதைக் கேட்டும் மௌனமாக இருந்தேன்' என்று ஒரே ஒரு வரி ஒப்புக்கொள். அதுவரை இங்கிருந்து கடிதம் வராது. நானும் வரமாட்டேன்.


ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

முந்தாநாள் மதியம் மறுபடி கடிகாரத்தைத் திறந்தேன். துருத்திகளைக் கழற்றிக் கன்னத்தருகே வைத்து அமுக்கினேன். காற்று நன்றாகவே வந்தது. விசில் குழாய்களில் தூசி இல்லை. கம்பிகள் தூக்க வேண்டிய நேரத்தில் தூக்கி, விட வேண்டிய நேரத்தில் விட்டன. எல்லாவற்றையும் மாட்டி, பெரிய முள்ளைக் கையால் சுற்றிச் சுற்றிச் சோதித்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பிப் பார்த்தால், மாடி வீட்டுக்காரி இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள். கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்துத் தானே உள்ளே வந்தாளாம்.

"புரொபசரம்மா, ஒரே மத்தியானத்துல எத்தனை தடவைதான் பன்னெண்டு அடிக்கும்? அந்தக் குயிலைக் கொஞ்சம் தூங்க விடுங்க, இவனும் தூங்குவான்!"

"அது கூவுதா?" என்றேன்.

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? தெருக்கோடி வரைக்கும் கேக்குது. எப்பவும் கூவிக்கிட்டுதானே இருக்கு!"

அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஏதாவது பேசச் சொன்னேன். எனக்கு என்ன ஆயிற்றோ என்று பார்த்தாள். ஆனாலும் திரும்பி நின்றாள். குழந்தை அவள் வாயையே பார்த்துச் சிரித்தது. அதனால்தான் அவள் பேசுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். எதிரில் நிற்பவர்களின் உதட்டைப் பார்த்துப் பாதியை ஊகித்தே எத்தனை காலம் ஓட்டியிருக்கிறேனோ, தெரியவில்லை.

பாகம் பாகமாகக் கழித்துக்கொண்டு வந்ததில் மிஞ்சியவள் நான் ஒருத்திதான். பழுது கடிகாரத்தில் இல்லை.

ஆகவே நீ கேட்ட வரியை என்னால் எழுதித் தர முடியாது. கேட்டுவிட்டு மௌனமாக இருந்தவள் அல்ல நான்; எனக்குக் கேட்கவே இல்லை. ஆனால் நீ சொன்னாய். சொல்லவில்லை என்று சாதித்தது என் தவறு. மன்னித்துவிடு.

இனி, நீ அன்று எதிர்பார்த்த பதில். மாப்பிள்ளை நல்லவர்தான். நல்லவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரோடு காலந்தள்ள வேண்டும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. சொல்லத் தோன்றினால் எதிரில் உட்கார்ந்து, நிதானமாகச் சொல். திங்கட்கிழமை காது மருத்துவரிடம் போகிறேன். எதையோ மாட்டிவிடுவார், அழகாக இருக்காது.

முன்னறையில் குவிந்திருந்த புத்தகங்களை அப்புறப்படுத்திவிட்டேன். கட்டிலில் இப்போது ஆள் படுக்கலாம். வரும்போது அழைப்பு மணியை அழுத்திவிட்டு வாசலில் காத்து நிற்காதே. மாடி வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். வாங்கித் திறந்துகொண்டு நீயே உள்ளே வா.

அம்மா